பதினேழாவது நாக்கு

காலை ஆறரைக்குப் பெட்டி வாசலில்
புட்டியை ஏந்திப் பிடித்தவை இருபத்து நான்கு.
பனிக்கட்டியில் நாலு நிமிடம்.
விறைத்ததும், வெட்டிய ஸ்ட்ரா துண்டில்
ஒவ்வொன்றாய் நிறுத்திக்
கழுத்துக்குப் பின்னால் டேப் ஒட்டினேன்.
சலூன் நாற்காலியில் துணி போர்த்திய ஆட்களாய்
தலை மட்டும் வெளியே தெரிய
வரிசையாக விழித்துக்கொண்டன.
ஆளுக்கொரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர்.
அதுதான் சஹர்.

அல் ஐன். பங்குனிக் கடைசி.
ஜன்னலுக்கு வெளியே வேலமரம் வெளிறிப் பூத்து
யாருக்காகவோ உதிர்கிறது.
எனக்கு இன்று இருபதாவது நோன்பு.
இவற்றுக்கு முதலும் கடைசியும்.

டாக்டர் இஹ்ஸானின் கேள்வி சின்னது.
பசித்த தேனீயின் மூளையில் என்ன ஏறுகிறது,
வயிறு நிறைந்ததும் என்ன இறங்குகிறது.
"ருசி வேறு, வேண்டும் என்பது வேறு.
இரண்டுக்கும் ஒரே நாக்கு. அதுதான் தொல்லை" என்பார்.
'வேண்டும்' என்பதற்கு டோபமைன் என்று எழுதிவிட்டார்.
'போதும்' என்பதற்குப் பக்கத்தில்
பென்சிலால் ஏதோ எழுதி
அழித்து அழித்துத் தாள் மெலிந்திருக்கிறது.

அஸர் தொழுதுவிட்டு ஆரம்பித்தேன்.
பல்குத்தும் குச்சியை நனைத்து
உணர்கொம்பைத் தொட வேண்டும்.
நாக்கு நீண்டால் ஒன்று. நீளாவிட்டால் பூஜ்யம்.
தொடலாம், குடிக்க விடக்கூடாது.
முதலில் வெறுந்தண்ணீர்;
அதற்கே ஐந்து நாக்குகள்.
ஒரு சதம் இனிப்பு, மூன்று சதம், பத்து,
பழுப்பு நிறத்தில், மயிரிழை கனத்தில்,
காற்றைத் துழாவும் நாக்குகள்.

முப்பது சதத்தைக் கலக்கும்போது
என் வாயில் ஊறியது.
நான் ஊறச் சொல்லவில்லை.
எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது, தெரியும்;
ஆனாலும் யாரோ எனக்குள்ளிருந்து
குச்சியை நீட்டிப் பார்ப்பது போலிருந்தது.
ஒன்று, என்று எழுதிக்கொண்டிருப்பானோ?

ராத்திரி நிய்யத் வைத்துப் படுத்தவன் நான்.
இவை எதையும் வைக்கவில்லை.
நிய்யத் இல்லாவிட்டால் அதற்குப் பேர் நோன்பல்ல,
பட்டினி.
டேப்பை ஒட்டிய கை என்னுடையது.

பதினேழாம் எண் மட்டும்
எதற்கும் நாக்கை எடுக்கவில்லை.
பூஜ்யம், பூஜ்யம், முப்பதிலும் பூஜ்யம்.
செத்துவிட்டதோ என்று ஊதினேன்.
கொம்புகள் இரண்டும் என் பக்கம் திரும்பின.
அவ்வளவுதான்.
பிடிவாதமா, சலிப்பா,
ஏதோ ஒரு திரவம் ஒரு துளி குறைவா,
என்னிடம் அதற்குக் கட்டம் இல்லை.

ஆறு நாற்பதுக்கு பாங்கு.
திரவ நைட்ரஜன் குடுவை மேசையில் புகைகிறது.
தலைகள் அதற்குள் போக வேண்டும், பசி ஆறுவதற்குள்;
பிறகு நறுக்கி, அரைத்து, எந்திரத்தில் கொடுத்து
எவ்வளவு 'வேண்டும்' இருந்தது என்று எண்ணுவார்கள்.
பதினாறு வரை போட்டுவிட்டேன்.
அல்லாஹு அக்பர் என்றது கைபேசி.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பேரீச்சை, ஒன்றே ஒன்று,
கையில் பிளந்து பாகு கசிந்தது.
ஏன் என்று கேட்காதீர்கள்,
ஓரத்தை அதன் கொம்பருகே கொண்டுபோனேன்.

நாக்கு வந்தது.
முழு நீளம். மடிப்பே இல்லாமல்.
குடித்தது. நான் விலக்கவில்லை.
அடிவயிறு ஸ்ட்ராவுக்குள் புடைத்துப் புடைத்து அடங்கியது.
தானாகவே நிறுத்தி, நாக்கைச் சுருட்டி,
முகத்தைத் துடைத்துக்கொள்ளக்
கட்டிய காலைத் தேடியது.

அதற்குப் பின்தான் குடுவைக்குள் போட்டேன்.
மிச்ச ஏழையும் போட்டேன்.
அதே பழத்தின் மறுபாதியை
நின்றபடியே தின்றேன். எப்போதையும்விட
அதிகமாக இனித்தது என்று சொல்ல மாட்டேன்.

பெருநாள் கழிந்த வாரம் வரைபடம் வந்தது.
மேலே கொத்தாக இருபத்து மூன்று புள்ளிகள்.
ஒன்று மட்டும் கீழே, தனியாக,
ஊரை விட்டு ஒதுங்கிய வீடு மாதிரி.
டாக்டர் வட்டம் போட்டார்.
"இது பசித்துத்தானே இருந்தது?"
ஏட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

எண் பதினேழு.
மாலை 6:41.
நோன்பு திறந்தது.